செல்போன் பெட்டியில் இல்லாத தேதி

கடையில் புது போனைக் கையில் வாங்குகிறவர் முதலில் அதைத் திருப்பி முதுகைப் பார்க்கிறார். உள்ளங்கையில் ஏந்தி எடை பார்க்கிறார். திரையில் விரலை வைத்து மேலும் கீழும் தள்ளுகிறார். தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. கேமராவைத் திறந்து, கூட வந்த மகளை நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்து, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார். நிறுவனத்தின் பெயர் போட்ட டி-ஷர்ட்டில் பக்கத்தில் நிற்கும் இளைஞர், "அமோலெட் டிஸ்ப்ளே சார், நூத்தி இருபது ஹெர்ட்ஸ், அம்பது மெகாபிக்சல், நாப்பத்தஞ்சு வாட் சார்ஜிங்" என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். அப்பா மகளைப் பார்க்கிறார், மகள் தலையாட்டுகிறாள். பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு, இ.எம்.ஐ. எத்தனை மாதம் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. டெம்பர்டு கிளாஸ் ஒட்டும் பையன் துணியை எடுத்துத் திரையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். மொத்தம் ஐந்து நிமிடம்.

பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரையிலான போன்கள் இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் வடிவமைக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படுகிற இடங்களில் காசை இறைக்கிறார்கள். தட்டுப்படாத இடங்களில் பிடித்துக்கொள்கிறார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஒரு விலைக்குள் ஒரு பொருளைச் செய்ய வேண்டுமென்றால் எங்காவது கைவைத்துத்தான் ஆகவேண்டும். எங்கே கைவைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வாங்குகிறவருக்கு வழியில்லாமல் இருப்பதுதான் பிரச்சினை. வழி செய்ய வேண்டியது அரசு. அதற்கான சட்டமும் ஏற்கெனவே அதன் கையில் இருக்கிறது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம். 2014 பிப்ரவரியில் மோட்டோரோலாவின் மோட்டோ ஜி இந்தியாவில் 12,499 ரூபாய்க்கு வந்தது. நாலரை அங்குலத் திரை, ஒரு ஜி.பி. ரேம், எட்டு ஜி.பி. சேமிப்பிடம், ஐந்து மெகாபிக்சல் கேமரா. மெமரி கார்டு போட இடம் கிடையாது. அதற்கே "இந்த விலைக்கு இப்படியொரு போனா!" என்று வாய்பிளந்தோம். பத்தாண்டு கழித்து 2024 ஜூலையில் நத்திங் நிறுவனத்தின் சிஎம்எஃப் போன் 1 வந்தபோது தொடக்க விலை 15,999 ரூபாய். அதற்கு 6.67 அங்குல அமோலெட் திரை, ஆறு ஜி.பி. ரேம், 128 ஜி.பி. சேமிப்பிடம், 50 மெகாபிக்சல் கேமரா, 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி. அந்தப் பத்தாண்டில் தங்கம் எங்கே போயிற்று, வீட்டு வாடகை எங்கே போயிற்று என்று எண்ணிப் பார்த்தால் இந்த மூவாயிரத்து ஐநூறு ரூபாய் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. இத்தனைக்கும் 2020 ஏப்ரலில் செல்போனுக்கான ஜிஎஸ்டியை 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்த்தினார்கள். வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே, மேப், மின்கட்டணம், பஸ் டிக்கெட் என்று நம்மில் பெரும்பாலோர் செய்கிற வேலைகளுக்கு அறுபதாயிரம் ரூபாய் போன் தேவையில்லை. யாராவது ஆலோசனை கேட்டால், இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அந்த சிஎம்எஃப் போனையே எடுத்துக்கொள்வோம். முதல் பார்வை எப்படி உருவாக்கப்படுகிறது என்பதற்கு நல்ல உதாரணம் அது. முதுகில் திருகாணிகள் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். கீழ் மூலையில் வட்டமாக ஒரு பெரிய திருகு. திருகாணிகளைக் கழற்றினால் முதுகு மூடியை எடுத்துவிட்டு வேறு நிறத்தில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். வட்டத் திருகைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்டாண்டோ கழுத்துக் கயிறோ மாட்டலாம். எல்லாப் போனும் ஒரே கண்ணாடிப் பலகையாக இருக்கும் சந்தையில் இது கையில் எடுத்தவுடன் சிரிக்கவைக்கிற யோசனை, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் மூடியைக் கழற்றினாலும் உள்ளே இருக்கிற பேட்டரி நாமே மாற்றிக்கொள்கிற மாதிரி செய்யப்பட்டதல்ல. ஸ்பீக்கர் ஒன்றுதான். என்.எஃப்.சி. கிடையாது, ஹெட்போன் துளை கிடையாது, பெட்டிக்குள் சார்ஜர் கிடையாது. பின்னால் தெரியும் இரண்டு கேமராவில் ஒன்றுதான் படம் எடுக்கும்; மற்றது தூரத்தைக் கணித்துக் கொடுக்கிற உதவியாள். ஆண்ட்ராய்டு பதிப்பு இரண்டு முறை மாறும், பாதுகாப்புப் புதுப்பிப்பு மூன்றாண்டுக்கு வரும் என்று நிறுவனம் அறிவித்தது.

அந்த விலைக்கு இவையெல்லாம் நியாயமான பேரம்தான். சார்ஜர் இல்லை என்பதும் ஸ்பீக்கர் ஒன்று என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்ன மூன்றாண்டு மட்டும் தெரியாது. இந்தக் கணக்கு பொதுவாகப் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. நாம் வாங்கிய நாளிலிருந்து இல்லை. 2024 ஜூலையில் அறிமுகமான போனை 2025 தீபாவளித் தள்ளுபடியில் இரண்டாயிரம் ரூபாய் குறைவாக வாங்கியவருக்கு மிஞ்சுவது மூன்றாண்டு இல்லை, இரண்டுக்கும் குறைவு. மருந்துக் கடையில் இப்படி நடந்தால் அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்ப்போம். செல்போன் பெட்டியில் திருப்பிப் பார்க்க அப்படியொரு தேதியே கிடையாது.

கண்ணில் படாத வெட்டுகள் இன்னும் உண்டு. பெட்டியில் 128 ஜி.பி. என்று பெரிதாக இருக்கும். அது எந்த வகைச் சேமிப்பகம் என்பது பெரும்பாலும் இருக்காது. யு.எஃப்.எஸ். 2.2 என்பதற்கும் 3.1 என்பதற்கும் படிக்கும் வேகத்திலேயே ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசம். ஆனால் கடையில் காலியாக இருக்கிற டெமோ போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடும். ஒன்றரை வருடம் போய், காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் இடத்தை அடைத்த பிறகு, கேமராவைத் தொட்டால் திறக்க நேரமாகும்போதுதான் வித்தியாசம் புரியும். "ஹேங் ஆகுது" என்று நாம் சொல்கிற நோயில் பாதி அங்கே இருக்கிறது. எட்டு ஜி.பி. ரேமுடன் இன்னும் எட்டு ஜி.பி. என்று போட்டிருப்பதும் அதே மெதுவான சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டுகிற கணக்கு.

சில்லின் பெயரைப் பார்த்து வாங்கலாம் என்றால் அதிலும் சிக்கல். குவால்காம் 2021 அக்டோபரில் அறிவித்த ஸ்னாப்டிராகன் 695 சிறு மாற்றங்களோடு 2024-இல் 6எஸ் ஜென் 3 என்று திரும்ப வந்தது. மீடியாடெக்கின் டைமென்சிட்டி 1080 பெயர் மாறி 7050 ஆயிற்று; 810 பெயர் மாறி 6080 ஆயிற்று. இவை மோசமான சில்லுகள் இல்லை. எண் பெரிதாகிவிட்டதால் புதுச் சரக்கு என்று நம்பி வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். மெகாபிக்சலிலும் இதே கதை: 50 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாகக் கொடுப்பது பன்னிரண்டரை மெகாபிக்சல் படம். நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. அது நல்ல உத்தி. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் தெளிவாக வரும். பக்கத்தில் எண்ணிக்கைக்காக ஒட்டவைத்த இரண்டு மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை மட்டும் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு வெட்டு. பேசும்போது போனைக் காதருகே கொண்டுபோனால் திரை அணைய வேண்டும். அதற்கென்று இயர்பீஸுக்குப் பக்கத்தில் அகச்சிவப்பு உணரி ஒன்று இருக்கும்; விலை பெரிதாக ஒன்றும் இருக்காது. விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் அதையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, செவிக்கு எட்டாத ஒலியை ஸ்பீக்கர் எழுப்ப, எதிரொலியை மைக் கேட்க, முகம் பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று மென்பொருள் ஊகித்துக்கொள்கிறது. ஊகம் தப்பினால் பேச்சின் நடுவே திரை விழித்துக்கொள்ளும். கன்னம் பட்டு மியூட் ஆகும், ஹோல்டுக்குப் போகும், சில நேரம் லவுட் ஸ்பீக்கர் அலறும். "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று எதிர்முனையில் கத்துகிறவர் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்பார். கேமரா, திரை, விரல்ரேகை என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கிற நாம், கடையில் நின்று ஒரே ஒரு கால் பேசிப் பார்ப்பதில்லை. டெமோ போனில் சிம்மே இருக்காது என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து சிம்மைப் போட்டு ஆன் செய்ததும் இன்னோர் உலகம் திறக்கிறது. பக்கம் பக்கமாக "ஒப்புக்கொள்கிறேன்". கேட்காமலே ஏற்றிவைத்த விளையாட்டுகள், கடைச் செயலிகள், செய்திச் செயலிகள். சிலவற்றை நீக்கலாம், சிலவற்றை முடக்கத்தான் முடியும். பூட்டுத் திரையில் தினம் ஒரு படமும் அதன் கீழ் ஒரு விளம்பரமும். எழுபது வயது அம்மாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தால், அவர் நேரம் பார்க்கப் போனை எடுத்து, அங்கே இருக்கிற நடிகையின் படத்தில் விரல் பட்டு, எங்கோ ஒரு பக்கத்துக்குப் போய் மாட்டிக்கொண்டு, "போன் கெட்டுப்போச்சுடா" என்பார். மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்றால், பல நிறுவனங்களின் அமைப்புப் பக்கங்களில் சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியோடு நிற்கின்றன.

இது ஏன் என்பதற்கு விடை அந்தத் துறையிலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டதுதான். 2018 ஏப்ரலில் ஷாவ்மி நிறுவனர் லெய் ஜுன், வன்பொருள் விற்பனையில் நிகர லாபம் ஐந்து விழுக்காட்டைத் தாண்டாது என்று அறிவித்தார். பொருளைக் குறைந்த லாபத்தில் விற்று, விளம்பரம் உள்ளிட்ட இணையச் சேவைகளில் சம்பாதிக்கும் ஏற்பாடு அது. போட்டியாளர்களும் அதே வழியில் வந்தார்கள். ஆக, பதினெட்டாயிரம் ரூபாய் போனின் முழு விலை பதினெட்டாயிரம் இல்லை. மீதியை நம் கவனத்திலிருந்து தவணையாகக் கட்டுகிறோம். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு தாய்லாந்தைப் பார்க்கலாம். அங்கே ஓப்போ, ரியல்மி போன்களில் கடன் செயலி முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது 2025 ஜனவரியில் பெரும் சர்ச்சையாகி, நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று.

முதல் பார்வையைத் தொழிலாகவே செய்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன் வெளியாகும் அதே மணித்துளியில் யூடியூபில் வரிசைகட்டி வருகின்றன அன்பாக்சிங் வீடியோக்கள். நிறுவனம் ஒரு வாரம் முன்பே போனைக் கொடுத்து, இந்த நாள் இந்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கும். தமிழிலும் நன்றாக, நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். குறையைக் குறை என்று சொல்கிறவர்களை நானே தேடிப் பார்ப்பதுண்டு. ஆனால் எவ்வளவு நேர்மையானவரும் ஒரு வாரத்தில் ஒரு வாரத்தைத்தான் பார்க்க முடியும். அவருக்கு அடுத்த வாரம் அடுத்த போன் வந்துவிடுகிறது. இரண்டாண்டு கழித்து அதே போனை எடுத்துப் பேசினால் பார்க்க ஆளிருக்காது. அந்த மாடலே அப்போது விற்பனையில் இருக்காது.

இரண்டாண்டு கழித்து என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் சர்வீஸ் கடையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் ஆகட்டும், ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மேசையும் பூதக்கண்ணாடி விளக்கும் வைத்திருக்கிறவரிடம் ஆகட்டும், முதல் கேள்வி ஒன்றுதான்: "ஒரிஜினல் காம்போ போடவா, காப்பி போடவா?" காம்போ என்பது திரையும் தொடுபலகையும் சேர்ந்த பாகம். அமோலெட் ஒரிஜினல் என்றால் போன் விலையில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிடும். வந்தவர் தயங்குவார். காப்பி போதும் என்பார். காப்பி என்பது பல நேரம் எல்சிடி. வண்ணம் வெளிறும், வெயிலில் தெரியாது. அதைவிட, திரைக்கு அடியில் இருக்கிற விரல்ரேகை உணரி வேலை செய்யாது. அமோலெட் திரையின் புள்ளிகளே விரலுக்கு வெளிச்சம் காட்டி, திரும்பி வருகிற ஒளியை அடியில் இருக்கிற உணரி படிக்கிறது. எல்சிடி காப்பியின் பின்பலகை அந்த ஒளியைக் கீழே விடாது. கடையில் வாங்கும்போது "விரலை வெச்சா திறக்குது பாருங்க" என்று மகிழ்ந்த அதே வசதி, ஒரு முறை கீழே விழுந்ததோடு போய்விடும். விழாமலேயே திரையில் பச்சைக் கோடு விழுவதும் உண்டு. மென்பொருள் புதுப்பிப்புக்கு மறுநாள் கோடு வந்தது என்று இந்தியா முழுக்கப் பலர் புகார் சொல்லி, சில நிறுவனங்கள் இலவசமாகத் திரை மாற்றித்தர இறங்கிவந்தன.

பேட்டரி இன்னொரு கணக்கு. ஒரு முழு சார்ஜை ஒரு சுற்று என்பார்கள். தினம் ஒரு சுற்று என்றால் 800 சுற்று என்பது இரண்டேகால் வருடத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பதைப் பேட்டரியின் தரமும் நாம் படுத்துகிற பாடும் தீர்மானிக்கும். நம் ஊர் வெயில் அதற்குப் பகை. உணவு டெலிவரி செய்கிறவர்களின் வண்டிகளைப் பாருங்கள். ஹேண்டில்பாரில் மாட்டிய போன், பிற்பகல் இரண்டு மணி வெயில், மேப் ஓடிக்கொண்டே, பவர் பேங்கில் சார்ஜும் ஏறிக்கொண்டே இருக்கிறது. சூடு எல்லை தாண்டியதும் போன் தானாகவே திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெட்டியில் வெளிச்ச அளவாக ஆயிரக்கணக்கில் போட்டிருந்த நிட்ஸ் எல்லாம் அப்போது எங்கே போனதென்று தெரியாது. கையால் நிழல் கட்டிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தபடி போகிறார் அந்தத் தம்பி. அவருக்கு அது பொழுதுபோக்குச் சாதனம் இல்லை, பிழைப்பு.

இந்த விலை போனை யார் வாங்குகிறார்கள் என்பதை நினைத்தால்தான் இதன் முக்கியம் புரியும். பெரும்பாலான வீடுகளில் இதுதான் ஒரே கணினி. வங்கி இதில், பட்டா இதில், பரீட்சை முடிவு இதில். 2020-இல் ஊரடங்கில் பள்ளிக்கூடமே இதில்தான் நடந்தது. வாங்கியவரோடு அதன் ஆயுள் முடிவதும் இல்லை. மகன் புதுசு வாங்கினால் பழசு அப்பாவுக்குப் போகும், அப்பாவிடமிருந்து பாட்டிக்கோ பிளஸ் டூ படிக்கிற தங்கைக்கோ போகும். ஐந்தாறு ஆண்டு ஓடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன போன், அதே வங்கிச் செயலியோடு, இணையத்தில் எச்சரிக்கை அதிகம் தெரியாதவர் கைக்குத்தான் கடைசியில் போய்ச் சேருகிறது. புதுப்பிப்பு இருந்தால் மோசடியே நடக்காது என்று சொல்லவில்லை; ஏமாற்றி ஏபிகே கோப்பை ஏற்றவைக்கிறவனை எந்தப் புதுப்பிப்பும் முழுதாகத் தடுக்காது. அதற்காக ஓட்டை தெரிந்த கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டியதில்லை.

2025 பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் வாங்கிக் குவிப்பதே பெரிய காரணம். இதன் அடி முதலில் விழுவது லாபம் மெலிந்த நடுத்தர விலை போன்கள் மேல்தான். விலையைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். மீதியைக் கண்ணில் படாத இடத்தில் குறைப்பார்கள். மக்களோ விலை ஏறியதால் பழைய போனையே கூடுதல் காலம் வைத்துக்கொள்வார்கள். ஆயுள் பற்றிய கேள்வி இதுவரை இருந்ததைவிட இனிமேல்தான் பெரிதாகப் போகிறது.

மற்ற நாடுகள் என்ன செய்தன? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பொருளைத் தயாரிக்கிறவர் எந்தத் தேதி வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார் என்பதை வெளியிட்டாக வேண்டும் என்று சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இன்னும் ஒரு படி மேலே போனது. பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்க வேண்டும்; மாடல் சந்தையிலிருந்து விலகிய பிறகும் ஏழாண்டுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும்; பழுதுபார்க்க எவ்வளவு எளிது, கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஏ முதல் ஈ வரை எழுத்துத் தரம் போட்ட ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்புக்கு விற்பனை நின்ற நாளிலிருந்து ஐந்தாண்டு என்றும் ஒரு விதி இருக்கிறது. அதன் வாசகத்தில் ஓட்டை தேடுகிறவர்களும் உண்டு. குறைந்தபட்சம் அங்கே வாதாடுவதற்கு ஒரு வாசகமாவது இருக்கிறது. அங்கே இந்த ஒட்டுச்சீட்டோடு விற்கும் நிறுவனங்கள் பலவும்தான் இங்கே ஒட்டுச்சீட்டு இல்லாமல் விற்கின்றன.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படிதான் செல்போன் பெட்டியின் அடியில் அந்தச் சின்ன வெள்ளைச் சீட்டு ஒட்டப்படுகிறது: தயாரித்தவர் பெயர், மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல முகவரி. அந்த அதிகபட்ச விலைக்கு எந்தக் கடையிலும் யாரும் போன் வாங்கியதில்லை என்பது ஊரறிந்த உண்மை. யாருக்கும் பயன்படாத எண்ணுக்கு இடம் இருக்கிற சீட்டில், எல்லோருக்கும் பயன்படுகிற தேதிக்கு இடம் இல்லையா? இந்த விதிகளைக் கையாளும் மத்திய நுகர்வோர் நலத் துறைதான் 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தையும் தொடங்கியது. பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் போட்டு விற்பனை இடத்திலேயே காட்ட வேண்டும் என்று அந்தத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. அந்த மதிப்பெண்ணை இதுவரை எந்தப் பெட்டியிலும் நான் பார்க்கவில்லை.

பேரம் பேசும் வலிமையும் அரசுக்கு இருந்தது. 2020-இல் தொடங்கிய உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள போன்களுக்கு நான்கு முதல் ஆறு விழுக்காடு வரை ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. நிபந்தனையாக முதலீடும் விற்பனையும் கேட்கப்பட்டன. உதிரிபாகம் கேட்கப்படவில்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நோக்கியா காலத்திலிருந்து, அதாவது 2006-லிருந்து, செல்போன் ஆலைகள் வந்துபோய்க்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற ரிச்சி தெருவில் மூன்றாண்டுப் பழைய போனுக்கு ஒரிஜினல் திரை கேட்டால் "ஸ்டாக் இல்ல சார், சொன்னா வரவழைச்சுத் தர்றேன்" என்கிறார்கள்.

விதி போட்டால் விலை ஏறும் என்று நிறுவனங்கள் சொல்லும். எல்லா விதியும் விலையை ஏற்றுவதில்லை. ஒரு தேதியை அச்சிடுவதற்கு மை செலவுதான். நீண்ட காலப் புதுப்பிப்பே கட்டுப்படியாகாது என்பதும் முழு உண்மை இல்லை. 2024 அக்டோபரில் சாம்சங் 18,999 ரூபாய்க்கு இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறாண்டுப் புதுப்பிப்பு என்று அறிவித்தது. ஆறாம் ஆண்டில் அந்தச் சில்லு எவ்வளவு நொண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது; வேகமான சில்லோடு மூன்றாண்டு போதும் என்று நினைக்கிறவரும் இருக்கலாம். இருக்கட்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வாங்குகிறவர் விருப்பம். இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு வழி வேண்டும்.

எனவே நுகர்வோர் நலத் துறை செய்ய வேண்டியது பெரிய சட்டத்திருத்தம் ஒன்றும் இல்லை. அந்த வெள்ளைச் சீட்டில் மூன்று வரி சேர்க்கட்டும்: கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த மாதம், எந்த ஆண்டு; பேட்டரி எத்தனை சுற்றுக்கு 80 விழுக்காடு தாங்கும்; நிறுவனத்தின் சேவை மையத்தில் ஒரிஜினல் திரை மாற்ற இன்றைய விலை என்ன. முதல் வரியை இந்த ஆண்டே கொண்டுவர எந்தத் தடையும் இல்லை.

அதுவரை, போன் வாங்கப் போகிறவர்களுக்கு: உங்கள் சிம்மைக் கையோடு கொண்டுபோங்கள். பணம் கொடுக்கும் முன், டெமோ போனில் அதைப் போட்டு, காதருகே வைத்து இரண்டு நிமிடம் யாரிடமாவது பேசிப் பாருங்கள். மாடல் எந்த மாதம் அறிமுகமானது என்று கேட்டு, நிறுவனம் சொல்கிற புதுப்பிப்பு ஆண்டுகளை அந்த மாதத்திலிருந்து எண்ணுங்கள். திரை மாற்றும் செலவு பல நிறுவனங்களின் இணையதளத்தில் மாடல் வாரியாக இருக்கிறது. கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். கேட்டதற்குப் பதில் வராத மாடலை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இந்த விலையில் போனுக்குப் பஞ்சமே இல்லை.